வால்வு கிற்றார் அம்ப்: பாடாவிட்டால், இரைந்தால், சிவந்தால் எங்கே தேடுவது

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இப்போது மூன்று வால்வு அம்ப் இருக்கிறது: ட்ரான்ஸிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாயால் கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டிகள். ஒன்று நன்றாகப் பாடுகிறது. ஒன்று பாதி பாடுகிறது. மூன்றாவதற்குள் ஒரு ட்ரான்ஸ்போமர் கருகிக் கிடக்கிறது, அதைக் கழற்ற மனம் வரவில்லை. இந்த மூன்றையும் செய்து, கெடுத்து, திருத்தியதில் தெரிந்ததை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். படிக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள்: பிழை வெளியே தெரிந்த நாள் ஒன்று, அது உள்ளே போன நாள் வேறு. அனேகமாக "அந்தச் சாமான் இல்லை, இதைப் போடலாம்" என்று கடையில் தலையாட்டிய அன்றே அது உள்ளே போயிருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியோடும் எந்தச் சாமானை எப்படித் தெரிவு செய்திருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே சர்க்கிட்டை எடுத்துக்கொள்கிறேன்: 1950களின் கடைசியில் ஃபெண்டர் கம்பனி செய்த சாம்ப் அம்ப்பின் 5எஃப்1 சர்க்கிட். முன்னால் சத்தத்தை முதலில் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, அடுத்தது ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் வால்வாக ஒரு 6வி6, ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற ரெக்டிஃபயருக்கு ஒரு 5வை3. மொத்தமே மூன்று வால்வு, ஏறத்தாழ 5 வாட். முதல் அம்ப்பே நான்கு பவர் வால்வு போட்ட 100 வாட் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைப்படட்டும். பிழை தேடும்போது சர்க்கிட் முழுவதும் ஒரு பார்வைக்குள் அடங்கவேண்டும் என்பது என் கட்சி. 6வி6 கிடைக்காவிட்டால் ஈஎல்84 போடலாம். அதற்கு 300 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, கதோட்டில் (வால்வுக்குள் எலெக்ட்ரோன் புறப்படும் முனை) போடுகிற ரெசிஸ்டரும் 470 ஓம் அல்ல, 135க்கு அருகில். வால்வு மாறினால் அதைச் சுற்றியுள்ள எல்லாம் மாறும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கூடப் புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, நிலைமாற்றி என்று படித்தோம். கடையில் போய் "ஒரு கொள்ளளவி தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பழைய ரேடியோ திருத்துகிறவர்கள் கொண்டென்சர் என்பார்கள், மற்ற எல்லாரும் கப்பாசிட்டர். நானும் அப்படியே எழுதுகிறேன். போனில் சாமான் சொல்லும்போது இன்னொரு தொல்லை: "ஒன்று தசம் ஐந்து கே ஓமா?" "ஓம்." இதில் எது அளவு, எது சம்மதம் என்று தெரியாமல் ஒருமுறை இரண்டு மடங்கு ரெசிஸ்டர் வந்து சேர்ந்தது.

கை வைக்க முன்

இதற்குள் 350 வோல்ட் டி.சி. இருக்கிறது. எச்.டி. (ஹை டென்ஷன்) என்று சொல்வது இதைத்தான். பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டருக்குள் அது காத்திருக்கும். முதல் கப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கே, 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகச் சொல்டர் பண்ணி விடுங்கள். ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீற்றரால் பார்த்த பிறகுதான் விரலை உள்ளே விடவேண்டும். "வடிந்திருக்கும்" என்று நினைப்பது வேறு, பார்ப்பது வேறு. அம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதானால் மீற்றரின் கறுப்பு வயரைக் கிளிப் போட்டுச் சேசியில் (அம்ப்பின் உலோக உடம்பில்) மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளவுங்கள். மற்றக் கை சட்டைப் பைக்குள் இருக்கட்டும்.

வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். ட்ரான்ஸ்போமருக்கு அந்தப் பக்கம் உள்ள எச்.டி. உங்களை அடித்தால் ட்ரிப் சுவிட்சுக்கு அது தெரியவே தெரியாது. வெளியே போய்த் திரும்பி வராத கறண்டைத்தான் அது கணக்குப் பார்க்கும். ட்ரான்ஸ்போமரின் மறுபக்கத்தில் நடப்பது அந்தக் கணக்கில் வராது.

இனி பல்ப் பெட்டி. ஒரு பல்ப் ஹோல்டரை மெயின்ஸின் லைவ் வயரோடு தொடராகப் போட்டு, 60 வாட் பழைய மஞ்சள் பல்ப் ஒன்றை மாட்டுங்கள். எல்.ஈ.டி. பல்ப் உதவாது, இழை உள்ள குண்டு பல்ப்தான் வேண்டும். அம்ப்பை அதன் வழியாகப் போட்டால், பல்ப் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் சரி. முழு வெளிச்சத்தோடு நின்றால் உள்ளே ஷோர்ட். பியூஸும் விலை கூடிய வால்வும் எரிய வேண்டிய இடத்தில் பல்ப் எரிகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

இன்னொரு விதி: ஸ்பீக்கர் கழன்ற நிலையில் அம்ப்பை ஓட விடாதீர்கள். ட்ரான்ஸிஸ்டர் அம்ப் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். வால்வு அம்ப்பில் சுமை இல்லாமல் கிற்றாரைத் தட்டினால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுற்றில்) வோல்ட் துள்ளி, உள்ளே பொறி பறந்து, சுற்று போய்விடும். மூன்றாவது அம்ப்பில் கருகிக் கிடப்பது அதுதான்.

கிற்றார்க் கம்பியில் கை வைத்தால் சுரீர் என்கிறது

இதை இரைச்சலுக்கும் கரகரப்புக்கும் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போடாதீர்கள். அம்ப்பை உடனே நிறுத்துங்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் வட்டக்கால் பிளக் பொயிண்டும் உண்டு, சதுரக்கால் பொயிண்டும் உண்டு. இரண்டு கால் பிளக்கை மூன்று ஓட்டைக்குள் செருகுவதற்கு எர்த் ஓட்டைக்குள் பேனை மூடியைக் குத்துகிற வித்தை ஊருக்கே தெரியும். போன் சார்ஜருக்கு அது ஒருவேளை தாங்கும். வால்வு அம்ப்புக்கு மூன்று வயர், மூன்று கால், அதில் எர்த் வயர் சேசியில் தனி போல்ட்டில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய அமெரிக்க அம்ப்களில் மெயின்ஸுக்கும் சேசிக்கும் நடுவே ஒரு கப்பாசிட்டர் இருக்கும். அது ஷோர்ட் ஆனால் சேசியே லைவ். சர்க்கிட் படத்தில் கண்டால் அதைப் போடாமல் விடுங்கள், அது இல்லாமல் அம்ப் நன்றாகவே ஓடும்.

பழைய வால்வு ரேடியோவை அம்ப் ஆக்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே யூசிஎல்82, யூவை85 என்று "யூ"வில் தொடங்குகிற வால்வுகள் இருந்தால் அந்த ரேடியோவில் மெயின்ஸ் ட்ரான்ஸ்போமர் அனேகமாக இராது. ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் இழைகள்) தொடராக இருக்கும், சேசி நேரே மெயின்ஸோடு தொடுத்திருக்கும். வால்வு, சொக்கெட், அவுட்புட் ட்ரான்ஸ்போமரைக் கழற்றி எடுக்கலாம். சர்க்கிட்டை அப்படியே கிற்றாருக்குப் பாவித்தால் சாவு.

போட்டதும் பியூஸ் போகிறது

முதலில் பியூஸ் சரியானதா என்று பாருங்கள். இந்த அம்ப் மெயின்ஸிலிருந்து 40 வாட் அளவு இழுக்கும், அதாவது 230 வோல்ட்டில் 0.2 அம்பியர்கூட இல்லை. ஆனால் போடும் கணத்தில் ட்ரான்ஸ்போமர் ஒரு விழுங்கு விழுங்கும். அதனால் அரை அம்பியர், மெதுவாகப் போகிற வகை, உலோக மூடியில் "டி" எழுத்து உள்ளது. சாதாரண வேகப் பியூஸ் போட்டால் பிழை இல்லாமலே போகும். அதற்குப் பதிலாக 5 அம்பியர் போட்டு வைத்தால் பிழை இருந்தாலும் போகாது, ட்ரான்ஸ்போமர்தான் போகும்.

பியூஸ் சரி என்றால் பல்ப் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். 5வை3ஐ எடுத்தவுடன் பல்ப் மங்கினால் பிழை எச்.டி. பக்கம்: கப்பாசிட்டர் தலைகீழாக இருக்கிறது, அல்லது ஷோர்ட். எல்லா வால்வையும் எடுத்தும் பல்ப் முழுதாக எரிந்தால் ஹீட்டர் வயர் எங்கோ முட்டுகிறது. அதையும் கழற்றி எரிந்தால் ட்ரான்ஸ்போமரேதான்.

ஹீட்டர் எரிகிறது, சத்தம் இல்லை

மீற்றரை எடுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் இந்த எண்களை எழுதிச் சேசிக்குள் ஒட்டிவைத்தால் நல்லது. 6வி6இல் 3ஆம் கால் பிளேட் (எலெக்ட்ரோன் போய்ச் சேரும் தகடு): 340 வோல்ட் அளவு. 4ஆம் கால் ஸ்கிரீன்: அதைவிட முப்பது நாற்பது குறைவு. 8ஆம் கால் கதோட்: 19 வோல்ட் அளவு. 5ஆம் கால் கிரிட் (சத்தம் உள்ளே வருகிற, கறண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை): பூச்சியம். 12ஏஎக்ஸ்7இல் 1ஆம், 6ஆம் கால்கள் பிளேட்: 150இலிருந்து 200 வரை. 3ஆம், 8ஆம் கால்கள் கதோட்: ஒன்று, ஒன்றரை வோல்ட்.

இந்த எண்களே வைத்தியர் மாதிரிப் பேசும். கதோட்டில் வோல்ட் இல்லை என்றால் அனேகமாக அந்த வால்வுக்குள் கறண்ட் ஓடவில்லை. பிளேட்டில் எச்.டி. முழுவதும் இருந்து கதோட் பூச்சியம் என்றால் வால்வு சொக்கெட்டில் உட்காரவில்லை, அல்லது ஹீட்டர் எரியவில்லை. பிளேட்டில் பூச்சியம் என்றால் 100 கே பிளேட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும், அல்லது 6வி6 என்றால் ட்ரான்ஸ்போமரின் பிரைமரி. எல்லா வோல்ட்டும் சரியாக இருந்தும் ஊமை என்றால் பிழை சத்தம் போகிற வழியில்: ஜாக், வொலியூம், ஸ்பீக்கர் வயர். மீற்றரின் சிவப்பு முனையால் 12ஏஎக்ஸ்7இன் 7ஆம் காலைத் தொடுங்கள், பிறகு 2ஆம் காலை. ஸ்பீக்கரில் "டக்" என்று கேட்பது எந்தக் கட்டத்தோடு நிற்கிறதோ அங்கேதான் அறுந்திருக்கிறது.

12ஏஎக்ஸ்7 ஹீட்டர் எரியாததற்கு ஒரு வழமையான காரணம்: அந்த வால்வுக்கு ஹீட்டர் இரண்டு பாதி. 6.3 வோல்ட்டில் ஓட்ட 4ஐயும் 5ஐயும் சேர்த்து ஒரு வயர், 9க்கு மற்ற வயர். 4க்கும் 5க்கும் நடுவே 6.3 கொடுத்தால் பாதி வோல்ட்டில் மங்கலாக எரிந்து, தூங்கிக்கொண்டே பாடும்.

இரைகிறது

பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பார்கள். அந்தக் காது இங்கேயும் வேண்டும். இரைச்சல் எல்லாம் ஒன்றல்ல.

கிற்றாரின் தடித்த ஈ கம்பியில் மூன்றாவது கட்டத்தை அமர்த்தித் தட்டுங்கள். அது 98 ஹேர்ட்ஸ் ஜீ. அம்ப்பின் இரைச்சல் அந்தச் சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே இருந்தால் அது 100 ஹேர்ட்ஸ். அதே சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே, வயிற்றில் விழுகிற உறுமல் என்றால் 50 ஹேர்ட்ஸ். நமது மெயின்ஸ் 50 ஹேர்ட்ஸ். ரெக்டிஃபயர் அதை இரண்டு மடங்காக்கி 100 ஆக்குகிறது. ஆகவே 100 என்றால் எச்.டி. கப்பாசிட்டர் சரியாக வடிக்கவில்லை. 50 என்றால் ஹீட்டர் வயர், இன்புட் வயர், ட்ரான்ஸ்போமரின் காந்தம், அல்லது ரெக்டிஃபயரின் ஒரு பாதி இறந்துவிட்டது. அமெரிக்கப் புத்தகங்களில் 60, 120 என்று இருக்கும். அது அவர்களுடைய மெயின்ஸ். அந்த எண்ணை வைத்துச் சுருதி பிடித்து நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

அடுத்து வொலியூமைத் திருப்புங்கள். இரைச்சல் கூடிக் குறைந்தால் பிழை வொலியூமுக்கு முன்னால். அசையாமல் நின்றால் பின்னால். அம்ப்பை நிறுத்தி 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் 6வி6உம் பவர் சப்ளையும் மட்டும்தான் குற்றவாளிகள்.

100 ஹேர்ட்ஸ் என்றால் உடனே பெரிய கப்பாசிட்டர் போடக் கை துருதுருக்கும். பொறுங்கள். 5வை3 மாதிரி வால்வு ரெக்டிஃபயருக்கு நேரே பின்னால் 20 மைக்ரோ ஃபராட்டுக்கு மேல் போடாதீர்கள். போடுகிற ஒவ்வொரு முறையும் அதை நிரப்பப் பாய்கிற கறண்ட் வால்வைத் தின்றுவிடும். ஈஇசட்81 என்கிற ரெக்டிஃபயர் வால்வு என்றால் 50 வரை தாங்கும். ரெக்டிஃபயருக்கு அடுத்ததை அப்படியே விட்டு, 10 கே ரெசிஸ்டருக்குப் பின்னால் உள்ள இரண்டாவதை 22, 33 என்று கூட்டினால் இரைச்சல் குறையும், வால்வும் பிழைக்கும். புதிதாக வாங்குங்கள்: 450 வோல்ட், 105 பாகை. பழைய டி.வி. போர்டில் கழற்றியது அனேகமாக 400 வோல்ட் என்றிருக்கும். வால்வு சூடாகிக் கறண்ட் இழுக்கத் தொடங்க முன் எச்.டி. துள்ளுகிற அந்தச் சில நொடிக்கு அது போதாது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்குத் தப்பிய ரேடியோ என்று ஒருவர் தந்தார். அதன் கப்பாசிட்டர்களை நினைவுக்காக வைத்திருக்கிறேன், அம்ப்புக்குள் அல்ல.

50 ஹேர்ட்ஸ் என்றால் ஹீட்டர் வயரைப் பாருங்கள். இரண்டு வயரையும் இறுக்க முறுக்கி, சேசியின் மூலையோடு ஒட்டிப் போகவிட்டு, சொக்கெட்டுக்கு மேலிருந்து இறக்குங்கள். ட்ரான்ஸ்போமரில் ஹீட்டருக்கு நடு வயர் இல்லாவிட்டால், இரண்டு வயரிலிருந்தும் தலைக்கு ஒரு 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரைச் சேசிக்குப் போடுங்கள். பலருக்கு இந்த இரண்டு ரெசிஸ்டரோடு பிரச்சினை முடிந்துவிடும்.

வயரிங்கால் தீராத இரைச்சல் ஒன்று உண்டு: மெயின்ஸ் ட்ரான்ஸ்போமரின் காந்தம் அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்குள் நேரே புகுவது. சேசியில் ஓட்டை போட முன்பே இதைச் சோதிக்கலாம். மெயின்ஸ் ட்ரான்ஸ்போமரை மட்டும் போட்டு, அதன் மற்ற வயர் நுனிகளையெல்லாம் தனித்தனியே டேப் சுற்றி மூடுங்கள். அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் ஸ்பீக்கர் வயரில் ஒரு மலிவான இயர்போனை மாட்டிக் காதில் வைத்துக்கொண்டு, அதைப் பலகையில் மெல்ல மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் பொசுக்கென்று அடங்கும். அங்கே பென்சிலால் கோடு போட்டு ஓட்டை போடுங்கள். வால்வு அம்ப் வேலையில் எனக்கு மிகப் பிடித்த ஐந்து நிமிடம் இதுதான்.

கிற்றாரை மாட்டினால் மட்டும் இரைந்து, நீங்கள் திரும்பி நின்றால் குறைந்தால் அது கிற்றாரில் உள்ள பிக்கப்பின் (கம்பி அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) வேலை. அம்ப்பை விட்டுவிடுங்கள். "ஸ்ர்ர்ர்" என்று கூர்மையாக வந்தால் சீலிங் ஃபேனின் ரெகுலேட்டரை நிறுத்திப் பாருங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் ஃபேனை நிறுத்தி வாசிக்க முடியாது என்பது தனிப் பிரச்சினை.

ஊளையிடுகிறது, அல்லது "புட் புட்" என்கிறது

போட்டதும் காது கிழிய ஊளை என்றால், அதுவும் புதிதாகச் செய்த அம்ப் என்றால், ஸ்பீக்கரிலிருந்து முன்னுக்குப் போகிற 22 கே ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றுங்கள். ஊளை நின்று சத்தமும் கூடினால் அவுட்புட் ட்ரான்ஸ்போமரின் பிரைமரி வயர் இரண்டும் இடம் மாறியிருக்கிறது. மாற்றிச் சொல்டர் பண்ணி, 22 கேயைத் திரும்ப மாட்டுங்கள். வொலியூம் கூட்டும்போது மட்டும் ஊளை என்றால் கிரிட் வயரும் பிளேட் வயரும் பக்கத்தில் ஓடுகின்றன. பிரித்து வையுங்கள். 68 கே இன்புட் ரெசிஸ்டர் ஜாக்கில் தொங்காமல் சொக்கெட்டின் காலிலேயே இருக்கட்டும்.

வாவியில் இஞ்சின் போட்ட தோணி போகிற மாதிரி "புட், புட், புட்" என்றால் கட்டங்களைப் பிரித்து வைக்கிற எச்.டி. கப்பாசிட்டர்களில் ஒன்று செத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் குறுக்கே அதற்குச் சமமான புதியதைக் கிளிப்பால் மாட்டிப் பாருங்கள், நிறுத்தி வடித்த பிறகுதான். எதை மாட்டும்போது தோணி நிற்கிறதோ அதை மாற்றுங்கள்.

6வி6இன் பிளேட் சிவக்கிறது

ஹீட்டரின் செம்மஞ்சள் வெளிச்சம் வேறு. நடுவில் உள்ள சாம்பல் நிறத் தகடே இருட்டில் மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தால் உடனே நிறுத்துங்கள்.

என் இரண்டாவது அம்ப்பில் நடந்ததை எண்களோடு சொல்கிறேன். 5வை3 கிடைக்கவில்லை. கடையில் "இரண்டு டயோட் போடுங்கள், அதே வேலைதான்" என்றார்கள். 1என்4007 இரண்டு போட்டேன். அம்ப் பாடியது, முன்னைவிட உரமாகவே பாடியது. இரண்டு கிழமை கழித்து 6வி6 சிவந்தது. 5வை3 தனக்குள்ளே ஐம்பது அறுபது வோல்ட்டைத் தின்னும். டயோட் ஒரு வோல்ட்டைக்கூட ஒழுங்காகத் தின்னாது. பிளேட்டில் 340 இருக்க வேண்டிய இடத்தில் 405 இருந்தது. 470 ஓம் கதோட் ரெசிஸ்டரில் 26 வோல்ட். 26ஐ 470ஆல் பிரித்தால் 55 மில்லி அம்பியர். ஸ்கிரீனுக்கு ஐந்தைக் கழித்தால் பிளேட்டுக்கு 50. பிளேட்டுக்கும் கதோட்டுக்கும் நடுவே 379 வோல்ட். பெருக்கினால் 19 வாட். 6வி6 தாங்குவது 12, மிஞ்சினால் 14.

ஆனாலும் இரண்டு கிழமை சிவக்காமல் ஓடி, அன்றைக்கு மட்டும் ஏன் சிவந்தது? கதோட் ரெசிஸ்டருக்குக் குறுக்கே நான் போட்டிருந்தது 25 மைக்ரோ, 25 வோல்ட் கப்பாசிட்டர். பழைய படத்தில் அப்படித்தான் இருந்தது, 19 வோல்ட்டுக்கு அது போதும். 26 வோல்ட்டுக்குப் போதாது. அது சூடாகி ஷோர்ட் ஆனதும் கதோட் சேசியோடு சேர்ந்தது, வால்வைக் கட்டுப்படுத்திய கயிறு அறுந்தது. படத்தில் உள்ள ஒரு சாமானை மாற்றினால் பக்கத்துச் சாமானின் கணக்கும் மாறிவிடுகிறது என்பதைப் படம் சொல்லாது.

திருத்தியது இப்படி: மெயின்ஸ் ட்ரான்ஸ்போமரை 325-0-325 (நடு வயரிலிருந்து இரண்டு பக்கமும் 325 வோல்ட்) இலிருந்து 250-0-250 ஆக மாற்றினேன். 250ஐ 1.414ஆல் பெருக்கினால் 353. சுமையில் 335 அளவுக்கு இறங்கும். கதோட் கப்பாசிட்டர் இனி எப்போதும் 63 வோல்ட். இன்னொரு கணக்கையும் அன்றுதான் போட்டுப் பார்த்தேன்: 325-0-325இல் ஒவ்வொரு டயோட்டும் எதிர்த்திசையில் 919 வோல்ட்டைத் தாங்க வேண்டும். 1என்4007இன் எல்லை 1000. மெயின்ஸ் கொஞ்சம் ஏறினால் மிச்சம் ஒன்றும் இல்லை. அந்த ட்ரான்ஸ்போமரையே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் பக்கத்துக்கு இரண்டு டயோட்டைத் தொடராகப் போடுங்கள்.

வோல்ட் எல்லாம் சரியாக இருந்தும் சிவந்தால் 6வி6இன் 5ஆம் காலை அளவுங்கள். அங்கே பூச்சியத்துக்குப் பதில் அரை வோல்ட், ஒரு வோல்ட் நின்றால் 0.02 மைக்ரோ இணைப்புக் கப்பாசிட்டர் கசிகிறது. இந்த ஒரு சாமானில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 630 வோல்ட் பிலிம் வகை வாங்குங்கள், 400க்குக் குறைந்தது வேண்டவே வேண்டாம்.

ஹீட்டர் வோல்ட்டையும் அளந்துவிடுங்கள். 5.7க்கும் 6.9க்கும் நடுவே இருந்தால் சரி. என்னுடையதில் இரவில் 7ஐத் தொட்டது. 6வி6உம் 12ஏஎக்ஸ்7உம் சேர்ந்து 0.75 அம்பியர், ஆகவே தொடராக ஒரு 0.68 ஓம் 2 வாட் ரெசிஸ்டர் போட அரை வோல்ட் இறங்கியது.

பாடுகிறது, ஆனால் மெலிவு

வோல்ட் எல்லாம் சரி, தடித்த கம்பிகளுக்கு உடம்பே இல்லை, கொஞ்சம் கூட்டினால் பிசிறுகிறது. முதல் அம்ப்பில் இந்தப் பிழை ஒரு வருடம் என்னை அலைக்கழித்தது.

அவுட்புட் ட்ரான்ஸ்போமரை மோட்டர் வைன்டிங் செய்கிற ஒருவரிடம் கட்டுவித்தேன். சுற்றுக் கணக்கைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன், ஒன்றும் பிசகாமல் கட்டினார். மூலைகளில் எண்ணெய்க் கடதாசி வைத்த அழகு இன்னும் கண்ணில் இருக்கிறது. பிழை சுற்றில் அல்ல, தகட்டில். ஈ (E) வடிவத் தகட்டையும் ஐ (I) வடிவத் தகட்டையும் மாறி மாறிக் கோத்திருந்தார். மெயின்ஸ் ட்ரான்ஸ்போமருக்கு அதுதான் சரி. ஆனால் ஒற்றை வால்வு அம்ப்பில் பிரைமரிக்குள் எந்நேரமும் 40 மில்லி அம்பியர் டி.சி. ஓடுகிறது. இடைவெளி இல்லாத இரும்பு அந்த டி.சி.யிலேயே நிரம்பிவிடும். பிறகு கிற்றாரின் தாழ்ந்த சுருதிக்கு இடம் இல்லை.

திரும்பக் கொண்டுபோனேன். "மாமா, ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவில ஒரு கடதாசி."

"அப்படிக் கட்டினா கத்தும் மனே. ஆரும் அப்படிக் கட்டுறதில்ல."

"ஓம் மாமா, இது கத்தத்தான் வேணும்."

அவர் சிரித்துவிட்டு, பில் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து மடிக்காமல் வைத்தார். சாதாரண போட்டோக்கொப்பிக் கடதாசி ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 5 வாட்டுக்கு ஒன்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மாலை வீட்டுக்கு வந்து மாட்டினேன். அதே வால்வு, அதே ஸ்பீக்கர். ஈ கம்பியைத் தட்டியதும் மேசையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பை அதிர்ந்தது.

பழைய ரேடியோவில் கழற்றிய அவுட்புட் ட்ரான்ஸ்போமருக்கு இந்தச் சிக்கல் இராது, ஒற்றை வால்வுக்கென்றே கட்டப்பட்டது என்றால் இடைவெளி உள்ளேயே இருக்கும். அது எத்தனை ஓம் என்று அறிய, பிரைமரிக்கு 6.3 வோல்ட் ஏ.சி. கொடுத்து ஸ்பீக்கர்ப் பக்கத்தை அளவுங்கள். 0.18 வந்தால் 35க்கு 1. 35ஐ 35ஆல் பெருக்க 1,225. 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் வால்வுக்குத் தெரிவது 4,900 ஓம். 6வி6க்கு 5,000இலிருந்து 8,000 வரை நன்றாக இருக்கும். தவறியும் ஸ்பீக்கர்ப் பக்கத்தில் 6.3ஐக் கொடுத்துவிடாதீர்கள், பிரைமரியில் 220 வோல்ட் எழும்பும்.

இன்னும் மெலிவு என்றால் ஸ்பீக்கரைச் சந்தேகியுங்கள். கார் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு 5 வாட் போதாது என்று சொல்பவர்கள் பலர். 88 டெசிபெல் ஸ்பீக்கருக்குப் பதில் 97 டெசிபெல் கிற்றார் ஸ்பீக்கர் மாட்டினால், அந்த 9 டெசிபெல் வித்தியாசம் அம்ப்பை எட்டு மடங்காக்கியதற்குச் சமம். 5 வாட் 40 வாட் மாதிரிக் கேட்கும்.

கரகரக்கிறது

ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். ஒன்றைத் தட்டும்போது மட்டும் மணி மாதிரி ஒலித்தால் அந்த வால்வுக்குள் தகடு ஆடுகிறது, மாற்றவேண்டும். வொலியூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அதற்குள் டி.சி. கசிகிறதா என்று பாருங்கள், முன்னால் உள்ள கப்பாசிட்டர்தான் காரணம். எதையும் தொடாமலே வெடித்துக்கொண்டிருந்தால் 100 கே பிளேட் ரெசிஸ்டர். பழைய கார்பன் வகையை எடுத்துவிட்டு 1 வாட் மெற்றல் பிலிம் போடுங்கள்.

கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இது: இந்த உப்புக் காற்றில் சொக்கெட் கால்கள் ஆறு மாதத்தில் மங்கிவிடும். மாரி தொடங்க முன் வால்வுகளைக் கழற்றி, கால்களைத் துணியால் துடைத்து, சொக்கெட்டுக்குள் உள்ள பிடிகளைத் தையல் ஊசியால் கொஞ்சம் நெருக்கிவிடுங்கள். நிறுத்தி, வடித்து, மீற்றரால் பார்த்த பிறகு. போன மார்கழியில் இதையெல்லாம் செய்தும் என் அம்ப் கரகரத்தது. இரண்டு நாள் தேடி, கடைசியில் கிற்றார் வயரின் ஜாக்கைக் கழற்றினால் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது.